புதுப் போனைச் சோதிப்பது எப்படி: பெட்டியைத் திறப்பதிலிருந்து திருப்பித் தரும் கெடு வரை

புதுப் போன் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுவார்கள், பவுச் மாட்டுவார்கள், பழைய போனில் இருப்பதையெல்லாம் ஏற்றுவார்கள். இரண்டு நாள் கழித்து "பரவாயில்லை" என்றோ "சார்ஜே நிற்க மாட்டேங்குது" என்றோ தீர்ப்புச் சொல்வார்கள். திரையின் ஓரத்தில் பச்சைத் திட்டு இருப்பது பத்தாவது நாள்தான் கண்ணில் படும். அப்போது கடைக்காரர் கையை விரித்துவிடுவார்.

இந்த வரிசையை மாற்ற வேண்டும். குறை இருந்தால் போனையே மாற்றித்தர வேண்டியவற்றை முதலில் பாருங்கள். அதற்கு உங்கள் தகவல் எதையும் உள்ளே ஏற்ற வேண்டியதில்லை. நாள் பிடிக்கிற பேட்டரியும் கேமராவும் அப்புறம். ஆண்ட்ராய்டை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஐபோனில் மாறுகிற ஓரிரு இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. பெட்டியைத் திறக்கும் முன்

திருப்பித் தரும் விதியைப் படியுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பக்கத்திலேயே கடைசித் தேதி இருக்கும். பல போன்களுக்கு ஏழு நாள் ரிப்ளேஸ்மென்ட் மட்டும்தான். பணம் திரும்ப வராது. கடையில் வாங்கியதென்றால், சீல் உடைத்த பிறகு பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் கைகாட்டுவார்கள். எது என்று வாங்கும்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பாகவே உங்கள் முடிவு தயாராக இருக்க வேண்டும். புகார் கொடுத்தால் உடனே மாற்றித்தர மாட்டார்கள். ஆள் அனுப்பியோ ஒரு செயலியை ஓடவிட்டோ அவர்களும் சோதித்துப் பார்ப்பார்கள். அதற்கு நாள் போகும்.

பக்கத்தில் இருக்க வேண்டியவை: பழைய போன், ஒரு டார்ச், மெல்லிய துணி, ஒரு நோட்டு. இதில் பழைய போன்தான் முக்கியம். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வீட்டில் வேறு யாருடைய போனாவது வேண்டும். "சிக்னல் நன்றாக இருக்கிறது" என்று தனியாகச் சொல்வதில் பொருளில்லை. அதே இடத்தில், அதே நேரத்தில், எதைவிட நன்றாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சீலை வெட்டுவதிலிருந்து போன் ஆன் ஆகும் வரை ஒரே தொடர் வீடியோவாக எடுத்துவையுங்கள். நடுவில் நிறுத்தி எடுத்தால் அதை ஒத்துக்கொள்ள மறுப்பார்கள்.

2. பவுச் போடாமல் உடம்பைப் பாருங்கள்

முதலில் டயல் திரையில் *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண், அதாவது போனுக்கே உரிய அடையாள எண், வரும். பெட்டியில் இருக்கும் எண், பில்லில் இருக்கும் எண், திரையில் வரும் எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, தடைசெய்யப்பட்டது என்று வந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். போன் அன்றே திரும்பிப் போக வேண்டும்.

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பிரேமும் கண்ணாடியும் சேரும் கோட்டை நாலு பக்கமும் பாருங்கள். இடைவெளி ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் நகம் நுழைகிறது என்றால் ஒட்டு சரியாக இல்லை. தூசியும் தண்ணீரும் நுழைய அந்த இடம் போதும். கேமராக் கண்ணாடிக்கு அடியில் தூசி இருக்கிறதா என்பதையும் இந்த வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம்.

பட்டன்களை அழுத்திப் பாருங்கள், பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். கொஞ்சம் ஆடுவது இயல்பு. அழுத்தும்போது 'டிக்' என்று உணராமல் அமுங்கினால் அது குறை.

அப்புறம் எடை. தாளில் 187 கிராம், 218 கிராம் என்று படிப்பதும் கையில் பிடிப்பதும் வேறு வேறு. ஐபோன் 14 புரோ 206 கிராம் இருந்தது. டைட்டானியத்துக்கு மாறிய 15 புரோ 187 கிராம். இந்த 19 கிராம் வித்தியாசம் கடையில் தெரியாது. படுத்துக்கொண்டு அரை மணி நேரம் படிக்கும்போது சுண்டுவிரலுக்குத் தெரியும். எனவே அப்படியே செய்துபாருங்கள்: வழக்கமாக எந்த நிலையில் போன் பார்ப்பீர்களோ அந்த நிலையில், ஒரு கையால், அரை மணி நேரம். கேமரா மேடு பெரிதாக உள்ள போன்கள் தலைப்பக்கம் கனத்து முன்னால் சாயும். கட்டைவிரல் திரையின் மேல் மூலையை எட்ட முடியவில்லை என்றால் ஒவ்வொரு நாளும் கையை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும். அங்கேதான் போன் நழுவுகிறது.

மேசையில் படுக்கவைத்துத் தட்டச்சு செய்தும் பாருங்கள். மேடு ஓரத்தில் இருந்தால் போன் ஆடும். பவுச் போட்டால் சரியாகிவிடும் பெரும்பாலும்.

ஐபி68, ஐபி64 என்று எழுதியிருப்பதைத் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டாம். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எல்லாம் ஆய்வகத்தில் நல்ல தண்ணீரில் வைத்துச் சொல்வது. கடல்நீரும் சோப்புத் தண்ணீரும் அதில் சேராது. தண்ணீர் புகுந்த போனுக்கு வாரண்டியும் பொதுவாகக் கிடைக்காது. கீறல் விஷயமும் அப்படித்தான். சாவியும் காசும் இன்றைய கண்ணாடியைப் பெரிதாகக் கீறுவதில்லை. மணல் கீறும், அதிலுள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் (எது எதைக் கீறும் என்று சொல்லும் 1 முதல் 10 வரையிலான அளவுகோல்) 7, போன் கண்ணாடிகளோ 6-லேயே கீறல் வாங்கத் தொடங்கும். அடிக்கடி கடற்கரைக்குப் போகிறவர் என்றால் சோதனை முடிந்ததும் டெம்பர்ட் கிளாஸ் போட்டுவிடுங்கள்.

3. டிஸ்பிளே: இருட்டிலும் வெயிலிலும்

இரவு, விளக்கை அணைத்த அறை. திரை வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, ஒரே சாம்பல் நிறமுள்ள படத்தை முழுத்திரையில் திறங்கள். அமோலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) திரையில் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் இளஞ்சிவப்பு என்று திட்டுத்திட்டாக இருந்தால் இந்த மங்கலான சாம்பலில்தான் வெளியே வரும். வெள்ளையிலும் பளீரென்ற நிறங்களிலும் அது மறைந்துகொள்ளும், அதனால்தான் கடை வெளிச்சத்தில் யாருக்கும் தெரிவதில்லை. லேசான வேறுபாடு பல போன்களில் உண்டு. வாட்ஸாப்பை டார்க் மோடில் திறக்கும்போதும் கண்ணில் பட்டால் மாற்றிக் கேளுங்கள்.

அடுத்து கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம். எரியாத புள்ளி ஏதாவது ஒரு நிறத்தில் காட்டிக்கொடுக்கும். எல்சிடி (பின்னால் விளக்கு எரியும் வகைத் திரை) என்றால் கறுப்பில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா பாருங்கள். சாம்சங் போன்களில் *#0*#, ஷாவ்மி போன்களில் *#*#6484#*#* என்று டயல் செய்தால் இந்த நிறங்களும் மற்றச் சோதனைகளும் உள்ள மெனு திறக்கும். மற்றப் போன்களுக்கு வெறும் நிறப் படங்களே போதும்.

தொடுதிரைக்கு ஒரு எளிய வழி: ஹோம் ஸ்கிரீனில் ஒரு ஐகானை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் திரை முழுக்க மெதுவாக இழுங்கள், மூலைகள் உட்பட. எங்காவது ஐகான் கைநழுவி நின்றால் அந்த இடத்தில் தொடுதல் வேலை செய்யவில்லை. இதையே சார்ஜ் போட்டபடியும் செய்யுங்கள். சார்ஜில் மட்டும் தானாகத் தாவினால் வேறு பிளக்கில், கம்பெனிச் சார்ஜரில் மறுபடி பாருங்கள். தரமில்லாத சார்ஜர்தான் பல வீடுகளில் இதற்குக் காரணம்.

மறுநாள் உச்சி வெயிலில் மொட்டை மாடிக்குப் போங்கள். ஆட்டோ பிரைட்னஸ் ஆனில் இருக்கட்டும். அதை அணைத்துவிட்டால் பல போன்கள் தங்கள் முழு வெளிச்சத்தைக் காட்டவே காட்டாது. விளம்பரத்தில் வரும் 3000, 4500 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) என்ற உச்ச எண்கள் திரையின் சிறு பகுதி மட்டும் ஒளிரும்போது அளந்தவை. வெயிலில் ஒரு மேப்பை முழுத்திரையில் வாசிக்க அந்த எண் உதவாது. பத்து நிமிடம் அங்கேயே நின்று மேப்பையும் ஒரு செய்திப் பக்கத்தையும் பாருங்கள். முதல் நிமிடம் பளிச்சென்று இருந்துவிட்டு, சூடு ஏறியதும் திரை மங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். டெலிவரி வேலையிலோ பைக்கில் மேப் வைத்தோ ஓடுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான சோதனை இல்லை.

இரவில் குறைந்த வெளிச்சத்தில் படிக்கும்போது சிலருக்குக் கண் வலிக்கும், தலை கனக்கும். பல அமோலெட் திரைகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காக வேகமாக அணைந்து எரிவதுதான் இதற்குக் காரணமாக இருக்கலாம். எல்லாருக்கும் இது உறைப்பதில்லை. உங்களுக்கு உறைக்கிறதா என்று அறிய இரண்டு இரவு, அரை மணி நேரம் படித்தால் தெரிந்துவிடும்.

4. காதில் வைத்துப் பேசுங்கள்

போனில் போன் பேசிப் பார்க்காமலே விமர்சனம் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது. வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கித்தருகிற போனில் வருகிற புகார்களில் முக்கால்வாசி இங்கேதான் வருகின்றன.

காதருகே போனதும் திரையை அணைக்கும் பிராக்சிமிட்டி சென்சாருக்குப் பதிலாக, செலவைக் குறைக்க, சில போன்களில் மென்பொருளை வைத்துச் சமாளிக்கிறார்கள். அது தடுமாறும்போது நடப்பது இது: பேச்சு நடுவே திரை எரிகிறது, கன்னம் மியூட் பட்டனில் படுகிறது, எதிர்முனையில் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். பேசுபவருக்கு எதுவும் தெரியாது. டவர் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

மங்கலான அறையில் ஒருவரை அழைத்து ஐந்து நிமிடம் காதில் வைத்துப் பேசுங்கள். தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கியும் பேசுங்கள். இன்னொருவர் எதிரே நின்று திரை எரிகிறதா என்று பார்க்கட்டும். தலைக்கு எண்ணெய் வைத்திருக்கும்போதும் ஒருமுறை செய்யுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு திரையின் மேல் விளிம்பில் படிந்தால் தடுமாறுகிற போன்கள் உண்டு.

அடுத்த அழைப்பைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து செய்து, எதிர்முனையில் உங்கள் குரல் எப்படிக் கேட்டது என்று கேளுங்கள். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று குரலையே சேர்த்து நறுக்குகிற மைக்குகள் இருக்கின்றன.

5. சிக்னல்

வீட்டில் டவர் மோசமாக இருக்கும் மூலை எது என்று உங்களுக்கே தெரியும். பழைய போனையும் புதியதையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்; இரண்டிலும் ஒரே கம்பெனி சிம் இருக்க வேண்டும். ஒரே ஒரு சிம்தான் என்றால் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கோடுகளை நம்பாதீர்கள், எத்தனை கோடு காட்டுவது என்பது ஒவ்வொரு கம்பெனியின் விருப்பம். செட்டிங்ஸில் அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் மைனஸ் எண்ணாக டிபிஎம் அளவு, அதாவது சிக்னலின் பலம், இருக்கும். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் சிறியதாக இருந்தால் சிக்னல் நல்லது. 4ஜியில் மைனஸ் 90 பக்கம் நல்லது, மைனஸ் 110-ஐத் தாண்டினால் பலவீனம். புதியது பழையதைவிடப் பத்து எண் மோசமாகவே தொடர்ந்து காட்டினால் அது உங்கள் வீட்டின் குற்றம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த போன் என்றால் 5ஜி அலைவரிசைகளைப் பாருங்கள். இந்தியாவில் என்78 என்ற அலைவரிசை பரவலாக ஓடுகிறது. ஜியோவுக்கு 700 மெகாஹெர்ட்ஸ் என்28-ம் உண்டு, சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வருவது அதுதான். இவை இல்லாத போனில் 5ஜி பெயருக்குத்தான் இருக்கும். வைஃபை காலிங், இரண்டு சிம்மும் ஒரே நேரத்தில் அழைப்பு எடுப்பது இரண்டையும் முடித்துக்கொள்ளுங்கள்.

6. இப்போதுதான் டேட்டாவை ஏற்ற வேண்டும்

இதுவரை பார்த்ததில் பெரிய குறை இல்லை என்றால் மேலே போகலாம். முதலில் சிஸ்டம் அப்டேட்டை முடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு பழைய போனிலிருந்து மாற்றுங்கள். அப்புறம் இரண்டு இரவு சார்ஜில், வைஃபையில் விட்டுவிடுங்கள்.

இந்த இரண்டு நாளில் வேகத்தையோ பேட்டரியையோ எடைபோடக் கூடாது. படங்களைக் கிளவுடோடு சரிபார்ப்பது, முகங்களைப் பிரிப்பது, செயலிகளை இந்தப் போனுக்கு ஏற்பச் செப்பனிடுவது எல்லாம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். சூடாகவும் இருக்கும். புதுப் போனைப் பற்றி அவசரப்பட்டுச் சொல்லப்படும் தவறான தீர்ப்புகள் பெரும்பாலும் இந்த நாட்களில் பிறந்தவை.

7. அன்றாட வேகம்

பெஞ்ச்மார்க் எண்ணை (வேகத்தை அளக்கும் செயலி தரும் மதிப்பெண்) ஒருமுறை எடுத்து, இதே மாடலுக்கு மற்றவர்களுக்கு வந்ததோடு ஒப்பிடுங்கள். பக்கத்தில் இருந்தால் சரி. அதற்கு மேல் அந்த எண்ணால் பயனில்லை.

நீங்கள் தினமும் செய்வதைச் செய்யுங்கள். பாக்கெட்டிலிருந்து எடுத்து, விரல் வைத்துத் திறந்து, ஜிபேயோ போன்பேயோ திறந்து, மங்கலான மளிகைக் கடையில் கசங்கிய கியூஆரை ஸ்கேன் செய்து பணம் போகும் வரை எங்கே தயங்குகிறது? விரல்ரேகை, செயலி திறக்கும் நேரம், கேமரா போகஸ், நெட் என்று எல்லாம் சேர்ந்த சோதனை இது. பாத்திரம் கழுவிய ஈரக் கையோடும் விரல்ரேகையைப் பாருங்கள். திரைக்கு அடியில் சென்சார் உள்ள போனில் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டியபின் ரேகையை அழித்துவிட்டு மறுபடி பதிய வேண்டும். இதைச் செய்யாமல்தான் பலர் சென்சாரைக் குறைசொல்கிறார்கள்.

எட்டுப் பத்து செயலிகளை வரிசையாகத் திறந்துவிட்டு முதலாவதற்குத் திரும்புங்கள். விட்ட இடத்தில் இருந்தால் ரேம் போதும். மறுபடி முதலிலிருந்து ஏறினால் போதவில்லை. 'எக்ஸ்ட்ரா 8 ஜிபி ரேம்' என்று தருவது ஸ்டோரேஜிலிருந்து எடுத்துக்கொள்வது. அது உண்மையான ரேமின் வேகத்துக்கு வராது.

திரையை அணைத்து ஒரு மணி நேரம் போனைத் தொடாமல் வைத்துவிட்டு, யாரையாவது வாட்ஸாப்பில் அழைக்கச் சொல்லுங்கள். மணி அடிக்கவில்லை, திறந்த பிறகுதான் மிஸ்டு கால் வருகிறது என்றால் போன் பேட்டரியை மிச்சம்பிடிக்கச் செயலியைக் கொன்றுவிட்டது. இது குறைபாடு இல்லை. பேட்டரி செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரியாகும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் கீபோர்டு பின்தங்குகிறதா, தொடர்புப் பட்டியலில் தமிழ்ப் பெயர்களின் மேல் கீழ்ப் பகுதிகள் வெட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள். எழுத்தளவைப் பெரிதாக வைத்தும் பாருங்கள், பெரியவர்கள் அப்படித்தான் வைப்பார்கள்.

8. சூடு

மின்விசிறி ஓடும் அறையில் அரை மணி நேர வீடியோ கால், பிறகு அதே நேரம் ஹாட்ஸ்பாட். ஏசி அறையில் சோதித்தால் எல்லாப் போனும் தேறிவிடும். வெதுவெதுப்பு சரி. கையில் பிடிக்கவே சங்கடமாகி, திரை மங்கி, வீடியோ திக்கினால் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் பயன்பாட்டுச் சூழல் 0 முதல் 35 டிகிரி வரைதான். நம் ஊரின் மே மாதப் பகல் அதை எளிதாகத் தாண்டும். எந்தப் போனாக இருந்தாலும் காரின் கண்ணாடிக்கு அடியில் சார்ஜ் போட்டு வைப்பதைச் சோதனையாகக்கூடச் செய்ய வேண்டாம்.

9. பேட்டரி

இரவில் தொடங்குங்கள். படுக்கும்போது எத்தனை சதவீதம், எட்டு மணி நேரம் கழித்து எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். வைஃபையும் சிம்மும் ஆனில் இருக்க ஐந்துக்குள் இறங்கினால் நல்லது. பத்துக்கு மேல் போனால் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. மறுநாள் இரவு ஏரோபிளேன் மோடில் வையுங்கள். அப்போது இறக்கம் நின்றால் காரணம் பலவீனமான சிக்னலோ ஒரு செயலியோ; அப்போதும் அதே அளவு இறங்கினால் போனின் மேலேயே சந்தேகப்படலாம்.

பகலில் வழக்கம்போல் பயன்படுத்தி, ஸ்கிரீன் ஆன் நேரத்தையும் மீதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு வைஃபையில் இருந்த நாளையும் வெளியே 5ஜியில் சுற்றிய நாளையும் தனித்தனியாக எழுதுங்கள், இரண்டையும் கலந்தால் எந்த எண்ணும் புரியாது.

சார்ஜ் ஏறுவதை 20-லிருந்து 80 வரை அளங்கள். கடைசி இருபது சதவீதம் எல்லாப் போனிலும் வேண்டுமென்றே மெதுவாகத்தான் ஏறும். எழுதியிருக்கும் வேகம் வரவில்லை என்றால் கேபிளை முதலில் சந்தேகியுங்கள். பெட்டியில் சார்ஜர் இல்லாத போனுக்கு, அந்தக் கம்பெனி கேட்கும் வகைச் சார்ஜர்தானா என்றும் பாருங்கள். வாட் எண் மட்டும் பொருந்தினால் போதாது.

10. கேமரா

பட்டப்பகலில் பூவை எடுத்தால் எல்லாக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். இரவு, வீட்டு எல்இடி வெளிச்சத்தில், ஓடுகிற குழந்தையை எடுங்கள். பட்டனைத் தொட்ட கணமும் படத்தில் பதிந்த கணமும் ஒன்றா? முகம் கலங்கியிருக்கிறதா? பழைய போனிலும் உடனே எடுத்து, இரண்டையும் ஒரே திரையில் வைத்துப் பாருங்கள். தோல் நிறத்தை வெளுக்கிறதா என்பதற்கு வெவ்வேறு நிறமுள்ள இரண்டு மூன்று பேரை ஒரே படத்தில் நிறுத்துங்கள். பியூட்டி வசதியை அணைத்த பிறகும் வெளுத்தால் அது கேமராவின் குணம், மாறாது.

50 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக நான்கு பிக்சலை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம்தான் தருகிறது. அது ஏமாற்று இல்லை, இருட்டில் அதுதான் உதவுகிறது. மிக அருகில் வைத்து எடுப்பதற்கென்று தரும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வீடியோவில் விளக்கைச் சுற்றி கோடுகள் ஓடினால் பயப்படாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா அமைப்பில் இந்தக் கோடுகளைத் தடுக்கும் ஆன்டி-பேண்டிங்கை அதற்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். நடந்துகொண்டே எடுக்கும் வீடியோவை 1080-யிலும் 4கேயிலும் எடுங்கள், ஆட்டம் தணிப்பது ஒன்றில் மட்டும் வேலை செய்யும் போன்கள் உண்டு. பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டுகிறவர்கள் கவனிக்க: சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் என்ஜினின் அதிர்வு கேமராவின் ஆட்டத் தணிப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

11. முடிவும் திருப்பித் தருவதும்

நோட்டில் எழுதியதை இரண்டாகப் பிரியுங்கள். திரைத் திட்டு, தொடாத இடம், சென்சார், சிக்னல், தூசி, ஏரோபிளேன் மோடிலும் இறங்கும் பேட்டரி ஆகியவை அந்த ஒரு போனின் குறை, மாற்றினால் சரியாகலாம். எடை, கேமராவின் நிறம், கைக்குப் பொருந்தாமை, வெயிலில் மங்கல் ஆகியவை மாடலின் குணம். அதே மாடலை மாற்றி வாங்கி எந்தப் பயனும் இல்லை, பணம் திரும்பக் கிடைக்குமா என்றுதான் பார்க்க வேண்டும்.

புகாரில் "போன் சரியில்லை" என்று எழுதாதீர்கள். எங்கே, எப்போது, என்ன செய்தால் என்ன ஆகிறது என்று இரண்டு வரியும், அது நடக்கும் வீடியோவும் கொடுங்கள். நியாயமான புகாரைத் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்.

ஆள் வருவதற்கு முந்தைய நாளே போனைத் தயார் செய்யுங்கள். இ-சிம் இருந்தால் முதலில் அதைப் பழைய போனுக்கு மாற்றுங்கள். சிம் உள்ள போனிலிருந்துதான் யூபிஐ மறுபடி பதிவாகும், அது ஒரே முயற்சியில் முடியும் என்று சொல்ல முடியாது. வாட்ஸாப் பேக்கப் எடுங்கள். கூகுள் கணக்கை நீக்குங்கள், ஐபோனில் ஃபைண்ட் மை வசதியை அணையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரீசெட். கணக்கு நீங்காமல் பூட்டிய போனை எடுத்துப்போக வருகிறவர் வாங்க மாட்டார், கெடு அங்கேயே முடிந்துவிடும்.